காளையின் வம்சமும் கறவையின் பாலும்

நம் சங்கத்து அங்கத்தினர்களிற் பெரும்பாலோர் இருதொழில் உடையவர்கள். தறியுள்ள வீட்டின் பின்கட்டில் ஒரு பசு நிற்கிறது. நிலமுள்ளவர் தொழுவத்தில் இரண்டோ மூன்றோ நிற்கின்றன. நூல் வந்து சேராமல் தறி நின்றுபோன வாரத்திலும், மழை பொய்த்த பருவத்திலும் அடுப்பெரியச் செய்வது காலை மாலை கறக்கும் பாலே. ஆதலின் நெசவுக்கும் வேளாண்மைக்கும் உரிய இப்பத்திரிகையில் கறவை மாட்டைப்பற்றிச் சில பக்கம் எழுதுவதற்குத் தனியே சமாதானம் கூற வேண்டியதில்லை.

கறவை வாங்கக் கடன் கோரி வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது ஒரு செய்தி நம் கண்ணில் உறுத்துகிறது. அனேகமாக எல்லா விண்ணப்பங்களிலும் “நல்ல ஜாதி மாடு” என்ற ஒரே சொற்றொடர் காணப்படுகிறது. அந்த மாடு எந்தக் காளைக்குப் பிறந்தது, அதன் தாய் ஓர் ஈற்றில் எவ்வளவு கறந்தது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடையில்லை. உடலிற் கறுப்பும் வெள்ளையும் கலந்திருந்தால் ஹோல்ஸ்டீன். மான் நிறமாயிருந்தால் ஜெர்சி. அவ்வளவோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஓர் அங்கத்தினர் தம் ஆயுளில் வாங்கும் பெருங்கடன்களுள் ஒன்று இது. தறிக்கு நூல் வாங்கும்போது சிட்டத்தைப் பிரித்து, இழையை முறுக்கிப் பார்த்து, நம்பரைக் கேட்டு வாங்குகிற நம்மவர், பசுவை மட்டும் நிறத்தை நம்பி வாங்குவது ஏனென்று நமக்கு விளங்கவில்லை.

சந்தையில் நடப்பது நாம் அறிந்ததே. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். நெற்றியிலும் முதுகிலும் சுழி பார்க்கிறார்கள். சுழி பார்ப்பதைப் பழிக்க நாம் வரவில்லை; அவரவர் மனத்துக்கு அது ஓர் ஆறுதல். ஆனால் பால் சுழியில் இல்லை. மடியைப் பார்ப்பது அதனினும் மேலான சோதனைதான். எனினும் முதல் நாள் மாலை கறவாமல் விட்டுக் காலையில் சந்தைக்கு ஓட்டி வந்தால் எந்த மடியும் பெருத்துத்தான் தோன்றும். கறந்தபின் சுருங்கும் மடி பால் மடி, கறந்தபின்னும் சுருங்காதது சதை மடி என்று முதியோர் சொல்வது மெய். அதைக்கொண்டும் இன்றைய பாலைத்தான் அறியலாம். அதன் வயிற்றிற் பிறக்கப்போகும் கிடாரியின் பாலை அறிய முடியாது.

வம்சம் என்பது யாது? கன்று தன் இயல்பிற் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. இதில் யாருக்கும் ஐயமில்லை. எந்தப் பாதி என்பதில்தான் வியப்பு இருக்கிறது. தந்தையின் இயல்புகள் அனைத்தும் சீட்டுக்கட்டைக் குலுக்கிப் பாதியை எடுப்பதுபோல் ஒவ்வொரு கன்றுக்கும் வெவ்வேறாகப் பிரிகின்றன, தாயினுடையவும் அவ்வாறே. அதனாலேயே ஒரே பசுவுக்கும் ஒரே காளைக்கும் பிறந்த அக்காளும் தங்கையும், ஒரே தொழுவத்தில் ஒரே தீவனம் தின்றும், ஒருத்தி பத்து லிட்டரும் மற்றவள் ஆறு லிட்டரும் கறக்கக் காண்கிறோம். “தாய் நன்றாகக் கறந்தாள், மகளை வாங்கினேன், ஏமாந்தேன்” என்பவர் ஏமாற்றப்பட்டவர் அல்லர். ஒரே ஒரு சாட்சியை நம்பியவர்.

இரண்டாவதாக அறிய வேண்டியது அளவு. ஒரே மந்தையிலுள்ள பசுக்களின் பால் வேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 25 முதல் 35 பங்கே சந்ததிக்கு இறங்கும் இயல்பினால் நேர்வது என்று பல நாடுகளிலும் பல்லாண்டு எழுதிய பதிவேடுகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். எஞ்சியதற்கெல்லாம் தீவனம், தண்ணீர், வெயில், கன்று ஈன்ற பருவம், மடிநோய், கறப்பவர் கை ஆகியவையே பெரும்பாலும் காரணம். பாலிலுள்ள கொழுப்பின் விகிதமோ இன்னும் உறுதியாக வம்சத்தில் இறங்குவது. அங்கே ஏறத்தாழப் பாதி வேறுபாடு பிறப்பினால் வருகிறது. ஜெர்சியின் பாலிற் கொழுப்பு நூற்றுக்கு 5 அளவில் நிற்பதும், ஹோல்ஸ்டீன் பாலில் 4க்குக் கீழே நிற்பதும் இதனால்தான். கொழுப்பையும் மற்றச் சத்தையும் அளந்து பணம் தருகிற நம் சங்கங்களில், லிட்டரை மட்டும் பேசுகிறவர் பாதிக் கணக்கையே பேசுகிறார்.

“காற்பங்குதானா வம்சம்? அப்படியானால் பிண்ணாக்கும் பசும்புல்லும் இருக்கையில் வம்சம் எதற்கு?” என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. பசித்த பசுவுக்கு வம்சம் சோறு போடாது. ஆயினும் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். இன்று போட்ட பிண்ணாக்கு இவ்வாரப் பாலோடு முடிந்துவிடும். அடுத்த வாரம் மறுபடியும் போட்டாக வேண்டும். வம்சத்தில் வந்த சிறு ஏற்றம் மகளுக்கு இறங்கி, மகளினின்றும் பேத்திக்கு இறங்கி, தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1944ஆம் ஆண்டில் சுமார் 2 கோடியே 56 லட்சம் கறவைகள் இருந்தன. ஒரு பசு ஆண்டொன்றுக்குச் சராசரி 2,074 கிலோ கறந்தது. 2007இல் பசுக்கள் 92 லட்சமாகக் குறைந்தன; சராசரியோ 9,000 கிலோவைக் கடந்தது. இவ்வேற்றத்தில் ஏறத்தாழப் பாதி தெரிந்தெடுத்த வம்சத்தின் பயன் என்பது அந்நாட்டார் கணக்கு. மற்றப் பாதி தீவனமும் பராமரிப்பும். நாற்பதாம் நம்பர் நூலை எவ்வளவு திறமையாக நெய்தாலும் நூறாம் நம்பர் சேலை ஆகாது. நூறாம் நம்பர் நூலை மோசமான தறியில் ஏற்றினாலும் சேலை வராது. இரண்டும் வேண்டும் என்பதே நம் கட்சி.

இனிக் காளைக்கு வருவோம். ஒரு பசு தன் ஆயுளில் நாலைந்து கன்று ஈனும். அவற்றில் பாதி காளைக்கன்று. எத்துணை உயர்ந்த பசுவானாலும் அவள் ஊருக்குத் தருவது இரண்டு மூன்று கிடாரிகளே. காளையின் கதை வேறு. திரவ நைட்ரஜனில் சுழியத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் வைக்கப்படும் உறைவிந்துக் குச்சிகள் ஒரு காளைக்கு ஆயிரக்கணக்கிலும் பதினாயிரக்கணக்கிலும் தயாராகின்றன. கால் மில்லி லிட்டர் கொள்ளும் சிறு குச்சி ஒவ்வொன்றும் ஒரு பசுவின் சினைக்குப் போதும். ஆகவே ஊரின் பசுக்களை உயர்த்துவதும் தாழ்த்துவதும் பெரும்பாலும் காளையின் கையிலேயே இருக்கிறது.

காளை பால் கறப்பதில்லையே! அதன் பாற்குணத்தை எவ்வாறு அறிவது? தாயின் பாலைக்கொண்டு ஊகிக்கலாம். அது சீட்டுக் குலுக்கலின் ஒரு பாதி மட்டுமே. உறுதியான வழி அதன் மகள்களின் பாலை அளப்பதுதான். இங்கே ஒரு கணக்கு உண்டு. அங்கத்தினர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம். பால் நூற்றுக்கு 25 பங்கு வம்சத்தில் இறங்குவது என்று கொண்டால், வெவ்வேறு வீடுகளிலுள்ள 15 மகள்களின் பாலை அளந்தபின் ஒரு காளையைப்பற்றிய நம் முடிவு பாதி அளவு நம்பத்தக்கதாகும். 60 மகள்களை அளந்தால் ஐந்தில் நான்கு பங்கு நம்பத்தக்கதாகும். ஒரு மகளை மட்டும் பார்த்துப் பேசுவது பதினாறில் ஒரு பங்கு நம்பிக்கை. அதாவது வெறும் பேச்சு.

அந்த மகள்களை எவ்வாறு ஒப்பிடுவது என்பதும் முக்கியம். வசதியுள்ளவர் வீட்டில் பிறந்த மகள்களை ஏழை வீட்டில் பிறந்த வேறு காளையின் மகள்களோடு ஒப்பிட்டால், காளைகளை அளந்ததாகாது, வைக்கோற்போர்களை அளந்ததாகும். ஒரே ஊரில், ஒரே பருவத்தில் ஈன்ற பிற காளைகளின் மகள்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1950களில் இம்முறையைச் செம்மை செய்தார்கள். இன்று கணிப்பொறிகள் செய்யும் பெருங்கணக்குகளுக்கும் உட்கருத்து இதுவே.

இதற்குக் காலமும் ஆகும். காளையிடமிருந்து விந்து எடுத்து ஊசி போட்டு, மகள் பிறந்து, வளர்ந்து, சினையாகி, தலையீற்றுப் பால் முடியும்வரை அளப்பதற்குள் அந்தக் காளைக்கு ஆறேழு வயதாகிவிடும். உறைவிந்து இல்லாத காலத்தில் காளையின் தகுதி தெரியவரும்போது அது இறந்தோ கிழப்பட்டோ இருக்கும். 1949இல் இங்கிலாந்தில் கிளிசரின் சேர்த்து விந்தணுவை உறையவைக்கும் வழி கண்டபிறகே தகுதி நிலைநாட்டப்பட்ட காளையைப் பரவலாகப் பயன்படுத்த இயன்றது.

இவ்வளவும் பெரும் பண்ணைக்காரர்கள் செய்த காரியமென்று அங்கத்தினர்கள் எண்ண வேண்டாம். டென்மார்க்கு நாட்டில் வேயன் என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டு சில குடியானவர்கள் கூடி முதற் பாலளவைச் சங்கத்தை நிறுவினார்கள். அவர்கள் செய்தது எளிது. தங்களுக்குப் பொதுவாக ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். அவர் முறைவைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று பாலையும் கொழுப்பையும் தின்ற தீவனத்தையும் அளந்து எழுதிவந்தார். எந்தப் பசு தின்றதற்கு ஈடாகக் கறக்கிறது, எது கொடுத்ததை விழுங்கி நிற்கிறது என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அதே நாட்டின் சாம்சோ தீவில் 1936இல் குடியானவர்கள் கூடிச் செயற்கைக் கருவூட்டலுக்கென்று கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சிறு மந்தை உடையவர்கள் தனித்தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்தார்கள். நம் இயக்கத்தின் பொருளே இதுவன்றோ?

நம்மூர்களிற் பரவியிருக்கும் ஜெர்சியின் வரலாறும் இதையே சொல்கிறது. அது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள சிறு தீவின் மாடு. 1789இல் அத்தீவின் சட்டமன்றம் வெளி மாடுகளை உள்ளே விடுவதைச் சட்டத்தினால் தடுத்தது. 1866இல் வம்சப் பதிவேடு திறந்தார்கள். வேலியும் பதிவேடும் சேர்ந்தே அம்மாட்டை உலகறியச் செய்தன. 2008இல்தான் வெளியிலிருந்து காளை விந்து வரவழைக்கலாமென்று அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். தூய்மையைக் காப்பதற்கும் ஓர் எல்லை உண்டென்று அவர்களே உணர்ந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

ஏனெனில் வம்சத்தைத் தேடிப்போவதிற் பெரிய ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் 1962இல் பிறந்த ‘சீஃப்’ என்னும் ஹோல்ஸ்டீன் காளை மகள்களின் பாலைப் பெருக்கியது. அதற்கு 16,000 மகள்களும் 5 லட்சம் பேத்திகளும் உண்டாயின. பல ஆண்டுகள் கழித்து, அக்காளை ஒரு கேட்டையும் சுமந்திருந்ததென்று ஆராய்ச்சியாளர் கண்டார்கள். தாய் தந்தை இருவர் வழியிலும் அக்கேடு ஒரு கருவில் வந்து சேர்ந்தால் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். உலகமெங்கும் 5 லட்சத்துக்கு மேற்பட்ட கருக்கள் இவ்விதம் போயின என்பது 2016இல் வெளியான மதிப்பீடு. காளை தந்த பாலின் பயன் அந்த நட்டத்தைவிடப் பன்மடங்கு என்றும் அவர்களே கூறுகிறார்கள். அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு பசு வைத்திருக்கும் விதவைத் தாயின் வீட்டில் சினை தங்காமற் போனால், உலகத்தின் பன்மடங்குப் பயன் அவளுக்கு என்ன செய்யும்? அவளுக்கு அந்த ஆண்டே போயிற்று. பாலை மட்டும் நோக்கித் தெரிந்தெடுத்த மந்தைகளில் சினை பிடிக்கும் திறனும் குறைந்துவந்தது. 2003முதல் அமெரிக்கர் காளையின் மதிப்பில் மகள்களின் சினைத் திறனையும் சேர்த்துக்கொண்டது அதனால்தான்.

நம் ஊர்களில் இவ்வாபத்து வேறு உருவில் வருகிறது. ஒரே காளையின் குச்சிகள் ஒரு வட்டாரத்துக்கு ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், அக்காளையின் மகளுக்கே அதன் ஊசியைப் போட நேரிடும். தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றில் உறவுக்கலப்பு நூற்றுக்கு 25. தந்தைவழிச் சகோதர உறவில் பிறப்பதில் 12½. இவ்வளவு கலப்புள்ள கிடாரி பாலிற் குறையும், வளர்ச்சியிற் குறையும், சினைக்குத் தாமதிக்கும். இதைத் தடுக்கப் பணம் வேண்டாம், யந்திரம் வேண்டாம். தாய்க்குப் போட்ட காளையின் எண் தெரிந்திருந்தால் போதும். அந்த எண் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு குச்சியின்மேலும் அது அச்சிடப்பட்டேயிருக்கிறது! ஊசி போட்டு முடிந்ததும் குச்சி குப்பைமேட்டுக்குப் போகிறது. அதனோடு கன்றின் தந்தையும் போய்விடுகிறான்.

கலப்பின மாடுகளைப்பற்றியும் ஒரு சொல். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டுப் பிறந்த முதற் கலப்பு நன்றாகக் கறந்தது; வெயிலையும் தாங்கியது. “பாதி இவ்வளவு நல்லதென்றால் முழுதும் எவ்வளவு நல்லது” என்று மகளுக்கும் பேத்திக்கும் அதே ஊசியைத் தொடர்ந்தவர்கள் பலர். அயல் இரத்தம் முக்காலாகி, எட்டில் ஏழாகி, அப்பால் உண்ணிக் காய்ச்சலும் கோடை இளைப்பும் வந்து மருந்துச் செலவு பாலின் வருவாயைத் தின்கிறது. பாதிக்கும் நூற்றுக்கு 62½க்கும் இடையில் அயல் இரத்தத்தை நிறுத்துவதே நம் நாட்டின் வெப்பத்துக்கு ஏற்றதென்பது நெடுங்கால அனுபவம். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள 19 கோடியே 25 லட்சம் மாடுகளில் 5 கோடிக்கு மேற்பட்டவை கலப்பினமும் அயலினமும் ஆகும். அவற்றில் எத்தனைக்கு இரத்த விகிதம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் உரிமையாளர் வானத்தைப் பார்ப்பார். மாட்டுப்பட்டியில் 1963இல் சுவிட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கிய வேலையிலிருந்து கேரளத்தார் ‘சுனந்தினி’ என்னும் கலப்பினத்தை உருவாக்கி, ஒன்றிரண்டு பசு வைத்திருக்கும் வீடுகளிலேயே காளைகளின் மகள்களை அளந்து வந்திருக்கிறார்கள். அண்டை வீட்டார் செய்வது நமக்கு ஆகாத காரியம் அன்று.

நாட்டு மாடுகள் பாலுக்கு உதவாதவை என்ற பேச்சையும் நாம் ஒப்புவதற்கில்லை. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் ஆகியவற்றை நம் முன்னோர் ஏருக்கும் வண்டிக்கும் கவலைக்கும் தெரிந்தெடுத்தார்கள். அவையும் கேட்டதைக் கொடுத்தன. பாலைக் கேட்கவில்லை, பால் வரவில்லை. கத்தியவாட்டின் கிர் மாட்டைப் பிரேசில் நாட்டார் 1960களின் தொடக்கம்வரை கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே 1985முதல் மகள்களின் பாலைக்கொண்டு காளைகளைச் சோதித்து, இன்று கிர் மாட்டின் கறவைக் குணத்துக்கு அவர்களிடமே விந்து கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். இரத்தம் நம்முடையது; நோட்டுப் புத்தகம் அவர்களுடையது.

இப்போது ‘சில்லு’ என்று ஒன்று வந்திருக்கிறது. கன்றின் ஒரு துளி இரத்தத்திலோ மயிரிலோ அதன் மரபணுவைப் படித்து எதிர்காலப் பாலை மதிப்பிடும் முறை. அமெரிக்காவில் 2009இல் வழக்கத்துக்கு வந்தது. நம் நாட்டு மாடுகளுக்கென்றே 2024 அக்டோபரில் ‘கௌ சிப்’ வெளியிடப்பட்டது. காத்திருக்கும் ஆறேழு ஆண்டு இதனால் மிச்சமாகும். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் எந்த மரபணுவுக்கு எவ்வளவு பால் என்று சில்லுக்கு யார் சொல்லித் தருவது? பால் அளந்து எழுதிய ஆயிரக்கணக்கான பசுக்களே சொல்லித் தர வேண்டும். அளக்காத நாட்டில் சில்லும் ஊமைதான்.

ஆகவே நாம் கோருவது புதிய கட்டடமும் அன்று, வெளிநாட்டு மாடும் அன்று. மாதம் ஒருமுறை, குறித்த ஒரு நாளில், காலைப் பாலையும் மாலைப் பாலையும் வீட்டுத் தொழுவத்திலேயே அளப்பது. காலை ஐந்தும் மாலை மூன்றும் ஆக எட்டு லிட்டர் என்றால், அம்மாதத்துக்கு 240 லிட்டர் என்று எழுதிக்கொள்வது. இவ்வாறு பத்து முறை அளந்தால் ஓர் ஈற்றின் 305 நாட் கணக்கு ஏறத்தாழக் கிடைத்துவிடும். சங்கத்தில் ஊற்றும் பாலைக்கொண்டு கணக்கிடலாகாதா என்பர் சிலர். ஆகாது, வீட்டுக்கு எடுத்ததும், கன்று குடித்ததும், இரண்டு பசுவின் பால் ஒரே பாத்திரத்திற் கலந்ததும் அதில் மறைந்துவிடுகின்றன.

“எனக்கு இரண்டே பசு, அளந்து என்ன பயன்?” என்பது நாம் அடிக்கடி கேட்கும் தடை. இரண்டு பசு உமக்கு ஒன்றும் சொல்லாது, மெய். இருநூறு அங்கத்தினரின் நானூறு பசு சேர்ந்தால் காளையைப்பற்றிச் சொல்லும். நூற்றிருபது ஊசியில் நாற்பது சினை தங்கி, அதிற் பாதி கிடாரியாகி, பதினைந்து கறவைக்கு வந்தால் அதுவே மேலே சொன்ன பாதி நம்பிக்கைக்குப் போதும். அண்டைச் சங்கங்களும் சேர்ந்தால் 60 மகள்கள் எட்டாத எண்ணிக்கை அன்று. மற்றொரு தடை, குறைவாக எழுதினால் மாட்டின் விலை விழும் என்பது. சிலருக்கு விழத்தான் செய்யும். அதை மறைத்து எழுதுவதற்கில்லை. ஆனால் பதிவுள்ள கிடாரிக்கு ஊரார் ஒரு விலையும் பதிவில்லாததற்கு வேறு விலையும் சொல்லத் தொடங்கிய பிறகு, எழுதாமல் விட்டவரே இழப்பார். கடன் கொடுக்கும்போது பதிவுள்ள மாட்டுக்கு முன்னுரிமை தருவதென்று சங்கம் முடிவுசெய்தால் அவ்வழக்கம் விரைவில் ஊன்றிவிடும்.

செலவு ஒரு அளவைக்காரரின் பகுதிநேரச் சம்பளமும், வாளியும் தராசும், சில பதிவேடுகளுமே. லாபத்திலிருந்து பொதுநன்மைக்கென்று ஒதுக்கும் தொகை இதற்குப் பெரும்பாலும் போதும். பற்றாத பகுதியை ஒன்றியத்திடம் கேட்கலாம். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் அங்கத்தினர் மகள் ஒருத்திக்கு வேலையும் ஆகும். வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். பதிவேட்டின் முதற் பத்தியில் காதுவில்லையின் பன்னிரண்டு இலக்க எண். இரண்டாவதில் சினை ஊசிக் குச்சியிலுள்ள காளை எண்ணும் போட்ட தேதியும். மூன்றாவதில் தாயின் எண். அதற்கப்பால் மாதந்தோறும் பாலும் கொழுப்பும். கூட்டம் கூடும்வரை அங்கத்தினர்கள் தங்கள் பசுவுக்குப் போடும் ஊசியின் குச்சியைக் கேட்டு வாங்கிக் கழுவி, பால் பாஸ்புத்தகத்துக்குள் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.